காப்புரிமை உதவித்தொகை முப்பதாம் மாதத்துக்கு முன்பே வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்களோ பட்டறைக்காரர்களோ ஒரு கருவியை உருவாக்கி விண்ணப்பித்தவுடன், 'சர்வதேசக் காப்புரிமை பெற்றார்' என்று செய்தி வந்துவிடுகிறது. உலகம் முழுமைக்கும் செல்லும் காப்புரிமை என்று ஒன்று இல்லை. 1998 டிசம்பரில் இந்தியா சேர்ந்த பி.சி.டி. என்னும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்படி ஒரே விண்ணப்பத்தைப் பல நாடுகளுக்கும் பொதுவாகத் தாக்கல் செய்யலாம். உரிமையை அந்தந்த நாடு தனியே பரிசீலித்துத்தான் தரும்.

இதில் பலரும் தடுக்கி விழுவது நாள் கணக்கில்தான். இந்தியாவில் முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பி.சி.டி. விண்ணப்பமும், அதே முதல் நாளிலிருந்து 30 மாதங்களுக்குள் (ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் 31) ஒவ்வொரு நாட்டிலும் தனி விண்ணப்பமும் போயாக வேண்டும். 30 மாதங்களை பி.சி.டி. நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் ஓராண்டைக் கோட்டைவிடுகிறார்கள். முதல் விண்ணப்பத்துக்கு முன்பே கண்காட்சியில் கருவியைக் காட்டிவிட்டால், ஐரோப்பாவில் வாய்ப்பு பெரும்பாலும் அடைபட்டுவிடும் என்பதும் மாணவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

தொடக்கச் செலவு தாங்கக்கூடியதே. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க இந்தியக் கட்டணம் 1,600 ரூபாய். பி.சி.டி. தாக்கல் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க். நம் நாட்டுத் தனிநபருக்கு அதில் 90 விழுக்காடு தள்ளுபடி உண்டு, நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பித்தால் அது கிடைக்காது. கழுத்தை நெரிப்பது, நாடுதோறும் விண்ணப்பிக்க வேண்டிய முப்பதாம் மாதம். கப்பலூரில் ரப்பர் குழாயின் கசிவைச் சோதிக்கும் கருவி செய்த நண்பர் ஒருவர், விண்ணப்பங்களைத் தாக்கல் செய்து தரும் காப்புரிமை முகவர் அனுப்பிய செலவு மதிப்பீட்டுத் தாளை என்னிடம் காட்டினார். அரசுக் கட்டணத்தைவிட அந்தந்த நாட்டு முகவர் கட்டணம் கூடுதல். ஜப்பானுக்கு மொழிபெயர்ப்புச் செலவு வேறு. முதலில் ஜப்பானைப் பட்டியலிலிருந்து அடித்தார், பிறகு ஐரோப்பாவையும் அடித்தார். மிஞ்சியது அமெரிக்கா மட்டுமே.

சிறு, குறு தொழில்களுக்கான ஒன்றிய அமைச்சகத்தின் திட்டத்தில் வெளிநாட்டுக் காப்புரிமைக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால், காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு, செலவழித்த பணத்தைத் திருப்பித் தரும் முறை அது. வழங்கப்படுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை கைப்பணம் போட்டுக் காத்திருக்க முடிந்தவருக்கே உதவி போய்ச் சேருகிறது. பி.சி.டி. விண்ணப்பத்துக்கு, அதே போன்ற கண்டுபிடிப்பு முன்பே உண்டா என்று பார்க்கும் தேடல் அறிக்கையும், புதுமை உண்டா என்ற எழுத்துபூர்வக் கருத்தும் 30 மாதங்களுக்கு வெகுமுன்பே வந்துவிடுகின்றன. அந்தக் கருத்து சாதகமாக இருந்தால், அதையே ஆதாரமாகக் கொண்டு உதவித்தொகையில் ஒரு பகுதியை முப்பதாம் மாதத்துக்கு முன்பே தருவதில் அரசுக்குப் பெரிய இடர் இல்லை.

காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. மதுரை மாவட்டத் தொழில் மையத்தில் மாதம் ஒரு நாளாவது காப்புரிமை முகவர் ஒருவரை அமர்த்தி, முதல் விண்ணப்பத்துக்கு முன்பே கெடு நாள்களையும் செலவையும் எழுதிக் கொடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.