மார்க்கைப் போடாதீர்கள், ரேங்கைப் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருடமாகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து மெடிக்கல் கவுன்சலிங் கடைசி ரவுண்டு முடியும்வரை என் கடையில் ஜெராக்ஸைவிட அதிகமாக ஓடுவது ஒரே கேள்விதான்: "அக்கா, இந்த மார்க்குக்குக் கிடைக்குமா?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் கையில் உங்கள் பத்திரிகை இருக்கும். 'எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்' என்று போடுகிறீர்களே, அந்தப் பக்கம், பேனாவால் வட்டம் போட்டு, மடித்து, வியர்வையில் நனைந்து. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டினாலும் பரவாயில்லை, ரேங்க் பற்றி எழுதியதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

2024 நீட்டில் 600 எடுத்த பிள்ளையின் அகில இந்திய ரேங்க் எண்பதாயிரத்துச் சொச்சம். அந்த வருடம் மார்க் மழையாகக் கொட்டியது, 720க்கு 720 என்று முதலில் 67 பேரை அறிவித்து, வழக்கு, மறுதேர்வு, ஒரு இயற்பியல் கேள்விக்கு விடை மாற்றம் எல்லாம் முடிந்து கடைசியில் அது 17 பேராகக் குறைந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள்தான் முதல் பக்கத்தில் போட்டீர்கள். 2025இல் இயற்பியல் பிள்ளைகளைப் பிழிந்து எடுத்துவிட்டது. முதலிடம் வந்தவருக்கே 686தான். 651இலிருந்து மேலே நாடு முழுக்க 73 பேர், 601 முதல் 650 வரை 1,259 பேர். அதாவது முதல் வருடம் எண்பதாயிரம் பேருக்குப் பின்னால் நின்ற அதே 600, அடுத்த வருடம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேருக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மார்க் அதேதான், வரிசையில் நிற்கிற இடம் எங்கேயோ.

இது ரிசல்ட்டுக்கு அப்புறம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே, அதில்தான் குடும்பங்கள் கெடுகின்றன. அந்த 2025இல் செம்மண்டலத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பையன் ஆன்சர் கீயை வைத்துக் கூட்டிப் பார்த்ததில் 530 வருகிறது. போன வருடத்து மார்க் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு கவர்ன்மென்ட் சீட்டு வராதாம்மா, பேப்பர்லயே போட்டுருக்கு" என்றார். ரேங்க் வரட்டும், பொறுங்கள் என்று நான் சொன்னது எடுபடவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரி சொல்வதா பெரிது, பேப்பரில் வந்ததா பெரிது? வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேறு ஏதோ கோர்ஸுக்கு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிட்டார்கள். பையனுக்குப் பிறகு அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. சீட் கிடைத்த சந்தோஷத்தில் அந்த அம்மா அதைப் பெரிதாகப் பேசவில்லை, எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. 'நீட் பாஸ்' என்று ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். 2025இல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. எழுதியவர்கள் 22 லட்சம் பேர், தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். அது விண்ணப்பம் போடுவதற்கான தகுதி, அவ்வளவுதான். ஸ்வீட்டை வாங்கிக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் முழித்த நாட்கள் நிறைய.

அடுத்தது ஜிப்மர், புதுச்சேரியில் இருக்கிற மத்திய அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர்க்காரர்களுக்கு ஜிப்மர் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் காலேஜ். விடியற்காலையில் பாண்டி பஸ் பிடித்து, கோரிமேட்டில் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்ற அனுபவம் இல்லாத வீடு இங்கே குறைவு. அதனாலேயே "நம்ம ஜிப்மர்" என்று ஒரு நினைப்பு, பக்கத்து ஊர்தானே, நமக்கு ஏதாவது சலுகை இருக்காதா என்று. இல்லை. 2019 வரை ஜிப்மர் தனியாகத் தேர்வு வைத்தது, 2020 முதல் நீட் ரேங்க்தான், கவுன்சலிங் நடத்துவது மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு. அங்கே புதுச்சேரியில் குடியிருப்போருக்கென்று தனியாகக் கொஞ்சம் இடங்கள் உண்டு. அது போக மீதியெல்லாம் காஷ்மீர்ப் பிள்ளைக்கும் கடலூர்ப் பிள்ளைக்கும் ஒரே வரிசை, பொதுப்பிரிவில் முதல் சில நூறு ரேங்குக்குள்ளேயே முடிந்துவிடும். புதுச்சேரிக்காரர்களுக்கான இடமோ பல ஆயிரம் ரேங்க் தள்ளியும் போகும். தமிழ்நாட்டுப் பக்கம் ரெட்டிச்சாவடியில் இருக்கிற பிள்ளைக்கும், முள்ளோடை தாண்டி புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோயிலில் இருக்கிற அதன் மாமன் மகனுக்கும் நடுவே பஸ்ஸில் பத்து நிமிடம்தான். இரண்டு பேரும் ஒரே மார்க் எடுத்தாலும் ஒருவனுக்கு ஜிப்மர் நிஜமான கணக்கு, இன்னொருவனுக்கு வெறும் ஆசை. "மாமா வீட்டு அட்ரஸ்ல ஒரு ரேஷன் கார்டு போட்டுட்டா?" என்று வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அந்த வேலைக்கு என் கடையில் பிரிண்ட் அவுட்கூடக் கிடையாது.

நீங்கள் 'ஜிப்மர் கட்-ஆஃப்' என்று ஒரே ஒரு எண் போடும்போது இதில் எந்த வரிசை என்று போடுவதில்லை. ஜாதிப் பிரிவும் அப்படித்தான். நம் மாநிலக் கலந்தாய்வில் எம்.பி.சி. என்று 20 சதவீதத்தில் வருகிற பிள்ளை, மத்தியக் கலந்தாய்வுக்குப் போனால் ஓ.பி.சி. என்ற 27 சதவீதத்துக்குள் எல்லோரோடும் சேர்ந்து நிற்கணும். அதற்கு இங்கே வாங்கிய கம்யூனிட்டி சர்டிபிகேட் போதாது, வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம் என்று காட்டுகிற நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் பழசாக இருக்கக்கூடாது. நல்ல ரேங்க் எடுத்த ஒரு பையன், அந்தச் சான்றிதழ் கையில் வராததால் முதல் ரவுண்டில் பொதுப்பிரிவிலேயே பதிவு செய்தான். தாமதம் எந்த மேஜையில் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதத்திலும் இதே கதைதான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். ஏழாம் வகுப்பு மட்டும் பக்கத்தில் எய்டட் பள்ளியில் படித்தாள் என்றால் அந்த வரிசையில் இடமில்லை. நிறையப் பெற்றோர் இதை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள், அந்த முகங்களை நீங்கள் பார்க்கணும்.

இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2017 வரை இன்ஜினியரிங் கவுன்சலிங் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகணும். பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடும், நம் முறை வரும்போது இருப்பதில் ஒன்றைக் கைகாட்டணும். 2018இல் ஆன்லைன் வந்தது. நேரில் போன பழக்கத்தில் எல்லோரும், நானும் உட்பட, "கிடைக்கிறதை மேலே போடு" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு பையனுக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல்தான் ஆசை. டியூஷன் சார் "உன் கட்-ஆஃபுக்குக் கிண்டி வராது, மேலே போட்டா ஒரு சாய்ஸ் வேஸ்ட்" என்று சொல்லிவிட்டார். நான்தான் டைப் செய்தேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி முதலில், கிண்டி மூன்றாவதாக. ஒதுக்கீடு வந்தது, முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது, கடையில் கைதட்டினோம். பத்து நாள் கழித்து அவனே வந்தான். அவனைவிட அரை மார்க் கட்-ஆஃப் குறைந்த, அதே பிரிவைச் சேர்ந்த ஒரு பையன் கிண்டி மெக்கானிக்கலில் சேர்ந்திருக்கிறான். இவனுக்கு முதல் சாய்ஸே கிடைத்ததால் மேலே நகரவும் வழியில்லை. ஒன்றும் பேசவில்லை, ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனான்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். உங்கள் முறை வரும்போது லிஸ்டை மேலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறது, எதில் இடம் இருக்கிறதோ அங்கே நிற்கிறது. மேலே பத்து 'வராத' கல்லூரிகளைப் போட்டாலும் பதினோராவதுக்கான உரிமையில் ஒரு துளியும் குறையாது. சாய்ஸ் வேஸ்ட் ஆவது என்பதே கிடையாது. ஆகவே லிஸ்டின் தலைப்பக்கம் ஆசைப்பட்ட வரிசையில்தான் இருக்கணும். வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு லிஸ்டின் வால் பக்கத்துக்கு, அதாவது எவ்வளவு கீழேவரை இறங்கணும், எதில் நிறுத்தணும், கைவசம் வேறு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதற்கு. 'இந்த கட்-ஆஃபுக்கு இந்தக் கல்லூரிகள்' என்று நீங்கள் போடும் பட்டியலைப் பிள்ளைகள் அப்படியே அதே வரிசையில் சாய்ஸாக இறக்கிவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? நான் கண்ணால் பார்க்கிறேன்.

போன சீசனில் தாழங்குடாவிலிருந்து ஒரு மீனவர் மகளோடு வந்தார். கேரி பேக்கில் ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட். மகள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கல்லூரிகளை அழகாக எழுதி வைத்திருந்தாள், முதலில் ஜிப்மர். அவர் அம்மாவுக்கு அங்கேதான் கேன்சர் வைத்தியம் பார்த்தார்களாம். "இந்தப் போன்ல பதினெட்டு பர்சென்ட் சான்ஸ்னு காட்டுது தங்கச்சி, அது நல்லதா கெட்டதா?" என்றார். ஏதோ ரேங்க் கணிக்கிற ஆப். மார்க் நானூற்றுச் சொச்சம், ரேங்க் பல பத்தாயிரங்களில். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். பதினெட்டு பர்சென்ட் என்றால் என்ன? ஒரே பிரிவில் ஒரே ரேங்கில் நூறு பேர் நின்றால் பதினெட்டுப் பேரைக் கூப்பிட்டு மீதிப் பேரை அனுப்புவார்களா? கோடு விழுகிற இடம் ஒன்றுதான். கோட்டுக்கு உள்ளே இருந்தால் உண்டு, வெளியே இருந்தால் இல்லை. கோடு இந்த வருடம் எங்கே விழும் என்பதில்தான் சந்தேகமே தவிர, குலுக்கல் சீட்டு இல்லை இது. கடலூர் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டு எண்ணுக்காவது ஒரு அர்த்தம் இருக்கிறது, அவருக்கே அது அத்துப்படி.

மத்தியக் குழுவின் சைட்டில் மூன்று வருடத்து ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கிறது. எடுத்து, கடைசி ரவுண்டில், ஓ.பி.சி.யில், ஜிப்மர் எந்த ரேங்கில் முடிந்தது என்று மூன்றையும் அவர் கண் முன்னால் காட்டினேன். மூன்றுக்கும் வெளியே, எட்டாத தூரத்தில் இருந்தது மகளின் ரேங்க். மூன்றுக்கும் உள்ளே இருந்தால் தைரியமாக இருக்கலாம், மூன்றுக்கும் நடுவில் விழுந்தால்தான் 'சொல்ல முடியாது' என்று சொல்லணும், இதுதான் எனக்குத் தெரிந்த மொத்த சாஸ்திரமும். ஜிப்மருக்கு மத்தியக் குழுவிடம் தனிப் பதிவு, தனிக் கட்டணம், டெபாசிட் எல்லாம் உண்டு, அந்தச் செலவு வேண்டாம் என்றேன். பிறகு நம் மாநில லிஸ்டை எடுத்தோம். அதில் அவள் ரேங்குக்கு நிஜமாகவே இடம் தெரிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை ஆறாவதாக எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "கிடைக்காதுன்னு சொன்னாங்க அக்கா." பிடிக்குமா என்றேன். தலையை ஆட்டினாள். மேலே தூக்கிப் போட்டோம். கிடைத்ததா என்றால், இல்லை, வேறு ஊரில்தான் கிடைத்தது, லிஸ்டில் நாலாவதாக எழுதியிருந்த கல்லூரி. அதனால் அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த ஜூனில் அந்தப் பக்கத்தைப் போடும்போது மார்க்கை விட்டுவிடுங்கள். கல்லூரி, பிரிவு, எந்த ஒதுக்கீடு, கடைசி ரவுண்டில் முடிந்த ரேங்க், மூன்று வருடத்துக்கு. ரிசல்ட்டுக்கு முன்னால் கணிப்பே போடாதீர்கள், பசிக்கிறவன் கண்ணில் இலையைக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. கணிப்பு சொல்லும் 'கல்வி ஆலோசகர்' பயிற்சி மையம் நடத்துகிறாரா, சாய்ஸ் ஃபில்லிங்குக்கு ஆயிரக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறாரா என்று பெயருக்குக் கீழே ஒரு வரி போடுங்கள். (நான் ஐம்பது ரூபாய் வாங்குகிறேன், இதையும் போட்டுக்கொள்ளலாம்.) அப்புறம் பக்கத்தின் மூலையில் ஒரு பெட்டி, போன வருடம் நாங்கள் என்ன சொன்னோம், என்ன நடந்தது என்று. 2024ஐ வைத்து 2025க்குச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

போட்டால் சொல்லுங்கள், லேமினேட் செய்து கடைச் சுவரில் மாட்டிவிடுகிறேன், மார்க்கைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு விரலால் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி,
மஞ்சக்குப்பம், கடலூர்.