தொப்பூர் ஏற்றத்தில் ரப்பர் தார் போடலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கம், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் பட்டை ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு லாரி டயரை இரண்டு முறை ரீட்ரெட் செய்யலாம், நன்றாக ஓட்டியிருந்தால் மூன்று முறை. அதற்கு மேல் பக்கச்சுவர் வெடித்துக் கம்பி வெளியே துருத்திவிடும். சென்னைச் சாலையும் பெங்களூரு–சேலம் சாலையும் கூடும் ஊர் கிருஷ்ணகிரி என்பதால், இப்படிக் கழித்துப் போட்ட டயர்கள் இங்கே பஞ்சர் கடைக்குக் கடை குவிந்து கிடக்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு, போகி வந்தால் கரும்புகை. இதைப் பார்த்துக்கொண்டு தொழில் செய்வது மனதுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்த ரப்பரைச் சாலைக்கே கொடுக்கலாம். கம்பியையும் நைலானையும் பிரித்துவிட்டு, ரப்பரை ரவை போல அரைத்துச் சூடான தாரில் கலப்பார்கள். ரப்பர், தாரின் எண்ணெயை உறிஞ்சி உப்பி, தாருக்கு ஒரு இழுவையைக் கொடுக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்ட் வளர்த்தெடுத்த முறை இது. நம் நாட்டிலும் 2004-லேயே இதற்கு ஐ.எஸ். எனும் இந்தியத் தரம் வகுத்துவிட்டார்கள். லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம், அதனால் தாரோடு நன்றாகச் சேரும். எங்கள் பட்டறையில் பழைய டயரைச் சுரண்டும்போது விழும் துருவலில் கம்பி கூட இருக்காது.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து ஏறும் லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஊர்ந்து ஏறும் வண்டியின் பாரம் ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கிறது. சித்திரை வெயிலில் இளகிய தார் ஒதுங்கி, சக்கரத் தடம் பள்ளமாகிவிடும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். இரு சக்கர வண்டிக்காரர்கள் பாடு சொல்ல வேண்டியதில்லை. சாதாரண வி.ஜி.-30 ரகத் தார் இளகும் வெப்பநிலை 47 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. சி.ஆர்.எம்.பி.-60 எனும் ரப்பர் தாருக்கு அது 60 டிகிரி. கிரானைட் ஏற்றிய லாரிகள் ஓடும் குவாரிச் சாலைகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒன்று. ரப்பர் தாரை அப்படியே நிறுத்தி வைத்தால் தூள் அடியில் தங்கிவிடும். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சாதாரணத் தாரைவிடச் சூடும் கூடுதலாகத் தேவை. இதில் கோட்டை விட்டால் ஒரே வருடத்தில் ஜல்லி பெயரும், பழி ரப்பர் மீது விழும். அடிமண் சரியில்லாத, வடிகால் இல்லாத சாலையை எந்தத் தாரும் காப்பாற்றாது.

கழிவைச் சாலைக்குப் போடுவது நமக்குப் புதிதல்ல. பிளாஸ்டிக் கழிவைக் கலந்து போடும் பிளாஸ்டிக் சாலை மதுரைப் பேராசிரியர் வாசுதேவனின் உழைப்பில் பிறந்தது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பழைய டயரைக் கையாளும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதே வைத்து 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ரப்பர் தார் தயாரிப்பும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே பொருளும் இருக்கிறது, விதியும் இருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறைக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த டெண்டரில் கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் ஒவ்வொரு குவாரிச் சாலையை எடுத்து, பாதி தூரம் ரப்பர் தாரும் பாதி தூரம் சாதாரணத் தாரும் போடுங்கள். கலவை ஆலையில் சூட்டையும் கலக்கியையும் பொறியாளர் நேரில் நின்று பார்க்கட்டும். இரண்டு மழைக்காலம் கழித்துத் தடப் பள்ளத்தை அளந்து, அந்த அளவைப் பத்திரிகையில் வெளியிடுங்கள்.

– ரீட்ரெடிங் தொழில் செய்யும் வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்