வீட்டுக் காவலுக்கு ஷாட்கன்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பாதுகாப்புக்காக ஷாட்கன் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் துப்பாக்கி நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்பது வேறொன்று: சட்டப்படி அதைக் கையாளக்கூடியவர்களில், உங்கள் வீட்டில் உருவத்தில் சிறியவர் யார்? அவர் தோளுக்குப் பொருந்தாத துப்பாக்கி அந்த வீட்டுக்கே பொருந்தாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதை விளக்கவே இந்த மடல்.

ஆலையிலிருந்து வரும் துப்பாக்கிகளில், விசையிலிருந்து, தோளில் பதியும் பின்கட்டையின் முடிவு வரையுள்ள நீளம் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதியர் எங்களிடம் வந்தனர். உயரமான கணவருக்கு அந்த நீளம் சரியாக இருந்தது. மனைவி அதை ஏந்தியபோது முன்கை முழுதும் நீண்டு, முதுகு பின்னால் வளைந்து, ஒரு நிமிடத்துக்குள் குழலின் முனை தாழத் தொடங்கியது. அவருக்குக் கைவலு போதாது என்று கணவர் சொன்னார். பின்கட்டையில் ரப்பர் மெத்தைக்கு அடியிலிருந்த இடைத்தகடுகளைக் கழற்றி, நீளத்தை ஏறக்குறைய 3 செ.மீ. குறைத்துக் கொடுத்தோம். அதே துப்பாக்கியை அந்த அம்மையார் இடுப்பை முன்னால் சாய்த்து, முழங்கையை மடித்து, அசையாமல் பிடித்தார். கணவருக்கும் அது இடைஞ்சலாக இல்லை. நீளமான கட்டை சிறியவருக்கு ஒத்துவராது, குட்டையான கட்டையைப் பெரியவர் சமாளித்துவிடுவார். ஆகவே குறைவான பக்கம் சாய்வதே நல்லது. வீட்டில் நீங்களே இதைச் சோதிக்கலாம். துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, கண்ணை மூடித் தோளில் பொருத்தியபின் கண்ணைத் திறந்து பாருங்கள்; குழல் முனையில் குறி பார்ப்பதற்காக உள்ள சிறு மணி தலையை அசைக்காமலேயே கண்ணுக்கு நேராக நின்றால் கட்டை பொருந்தியிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது ‘போர்’ (bore), அதாவது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண். ஒரு பவுண்டு ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 போர் குழலின் உள்விட்டம், அதாவது சுமார் 18.5 மி.மீ.; இதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 20 போர் சுமார் 15.6 மி.மீ. உள்விட்டம் கொண்டது, உதைப்பும் குறைவு. வீட்டுக்குள்ளான தூரத்துக்கு அது தாராளமாகப் போதும். 12 போரையே விரும்புபவர்கள் உதைப்புக் குறைந்த தோட்டாக்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இரண்டு போர்களையும் ஒரே வீட்டில் வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறோம். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிச் சென்று சற்று முன்னால் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 போர் தோட்டா தடையின்றி நுழையும். விசையை அழுத்தினால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானதே இந்த ஆபத்தினால்தான்.

இனி, துப்பாக்கியின் வகை. முன்பிடியைக் கையால் பின்னிழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகை, தோட்டா மென்மையானதோ வலிமையானதோ, இயங்கும்; ஆனால் பதற்றத்தில் முன்பிடியை முழுதாகப் பின்னிழுக்காமல் தள்ளிவிட்டால் இயக்கம் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி வகையில் அந்தக் கவலையும் இல்லை, உதைப்பும் மென்மை. எனினும் மிக மென்மையான தோட்டாக்களைப் போட்டால் சில துப்பாக்கிகள் அடுத்த தோட்டாவை ஏற்றத் தவறும். குழல் 18 முதல் 20 அங்குலம் இருந்தால் வாசல்படியிலும் நடைவழியிலும் திருப்ப எளிது. குறைந்தபட்ச நீளத்தைப் பல நாடுகளின் சட்டம் வரையறுக்கிறது. குழலை அறுத்துத் தரும்படி கேட்பவர்களை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறோம். பின்கட்டையே இல்லாத, கைப்பிடி மட்டுமுள்ள வகையையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் குறி பார்க்கவும் உதைப்பைத் தாங்கவும் தோள் வேண்டும்.

ஷாட்கன் என்றால் குறி பார்க்கத் தேவையில்லை, திசை காட்டிச் சுட்டாலே போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை ஒரு தாள் பொய்யாக்கிவிடும். உங்கள் வீட்டில் நேராகப் பார்க்கக்கூடிய மிக நீண்ட தூரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அது 10 மீட்டரைத் தாண்டாது. பயிற்சிக் களத்தில் அதே தூரத்தில் பெரிய தாளைக் கட்டி, நீங்கள் வைத்துக்கொள்ளப்போகும் அதே தோட்டாவால் ஐந்து முறை, ஒவ்வொன்றுக்கும் புதுத் தாளாகச் சுட்டுப் பாருங்கள். 12 போரின் வழக்கமான 00 அளவு பக்‌ஷாட் (பெரிய குண்டுகள் கொண்ட) தோட்டாவில் தலா 8.4 மி.மீ. விட்டமுள்ள 9 பால்ரஸ் குண்டுகள் இருக்கும். 7 மீட்டரில் அவை பெரும்பாலும் விரித்த உள்ளங்கை அளவுக்குள் அடங்கிவிடும், குறி தவறினால் ஒன்பதும் தவறும். சில தோட்டாக்களில் எட்டு ஒன்றாக விழ, ஒன்று மட்டும் தனியே விலகிப்போவதையும் தாளில் காண்பீர்கள். அந்த ஒற்றைக் குண்டுக்கும் நீங்களே பொறுப்பு. பக்‌ஷாட் மரப்பலகையையும் ஜிப்சம் தடுப்பையும் துளைத்து அடுத்த அறைக்குள் போகும்; ஆகவே பிள்ளைகள் உறங்கும் அறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

துணைக்கருவிகளில் நாங்கள் வலியுறுத்துவது விளக்கு ஒன்றைத்தான். இருட்டில் நிற்பது யாரென்று தெரியாமல் சுடுவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை; நேரங்கெட்ட நேரத்தில் வீடு திரும்பும் மகனாகக்கூட அது இருக்கலாம். குழலில் பொருத்திய விளக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே குழலும் திரும்பும் என்பதால், தேடிப் பார்க்கக் கையில் தனி டார்ச் இருக்கட்டும். அதைவிட நல்லது தேடப் போகாமலே இருப்பது: எல்லோரையும் ஓர் அறையில் சேர்த்து, கதவைத் தாழிட்டு, காவல்துறையை அழைத்து, அவர்கள் வரும்வரை அங்கேயே இருங்கள்.

பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலான ஷாட்கன்களில் விசையை மட்டுமே தடுக்கிறது. குழலின் பின்முனையில் தோட்டா சுடத் தயாராக நிற்கும் இடமான தோட்டா அறையில் தோட்டா இருந்து துப்பாக்கி கீழே விழுந்தால், பொத்தான் போட்டிருந்தாலும் வெடிக்கக்கூடும். ஆகவே தோட்டா அறை எப்போதும் காலியாக இருக்கட்டும், துப்பாக்கி விரைவில் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கட்டும். அலமாரியின் மேல்தட்டு பிள்ளைகளுக்கு எட்டாது என்று சொல்லாதீர்கள், நாற்காலி அவர்களுக்குத் தெரியும். வீட்டில் யாரேனும் கடும் மனவேதனையில் இருந்தால், சட்டம் இடம் தரும் வழியில் துப்பாக்கியைச் சில காலம் வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வையுங்கள். விற்கும் நாங்களே இதைச் சொல்கிறோம்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் பின்கட்டை அளவைச் சரிபார்த்துத் தருகிறோம். வரும்போது துப்பாக்கியைக் காலியாக, தோட்டா அறை திறந்த நிலையில், உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள். தோட்டாக்கள் வேறு பையில் இருக்கட்டும். சுட்டுப் பார்த்த தாள்களையும், வீட்டிலிருக்கும் அந்தச் சிறிய உருவத்தினரையும் மறவாமல் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
கடை நிர்வாகத்தினர்