தையற்கார ஐயாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

இரண்டாவது காட்சியும் முடிந்து சாமான்களை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை வெள்ளத்தில் என்ன ஆனது என்று ஈப்போவில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்ததும் சாமான் அறையைத் திறந்து பார்த்தேன், நாடகம் அவ்வளவுதான் என்றே நினைத்தேன்.

மேடையில் குடிசை கட்டப் பலகை கொடுத்தவருக்கும், வேனைக் கொடுத்து டீசலும் போட்டுவிட்ட அண்ணனுக்கும், நான்கு நாளும் பொட்டலம் கட்டி அனுப்பிய அக்காமாருக்கும், நாள் மாறியும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்காத ஒவ்வொருவருக்கும் நன்றி. உங்களில் யார் இல்லாவிட்டாலும் திரை தூக்கியிருக்க முடியாது.

ஆனால் தையற்கார ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

வில்லிஸ் ஹால் எழுதி 1959-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஏறிய ‘தி லாங் அண்ட் தி ஷார்ட் அண்ட் தி டால்’ நாடகத்தைத்தான் தமிழில் போட்டோம். 1942, நம் மலாயாக் காடு, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குடிசை, ஏழு பிரிட்டிஷ் சிப்பாய்கள், அவர்கள் கையில் சிக்கிய ஒரு ஜப்பானியன். நோட்டீஸ் ஒட்டிய அன்றே ஐயா என்னிடம் நேராகக் கேட்டுவிட்டார், “ஜப்பான்காரனுக்காக அழுற நாடகமா போடுறீங்க தம்பி?” 1943-இல் அவர் அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். நம் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாத ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். ஐயா அப்போது கைக்குழந்தை.

உடுப்பெல்லாம் போன பிறகு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை என்றார்கள். போனேன். ஏழு சிப்பாய்களின் அளவை மட்டும் கொடுத்தேன், எட்டாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரே தாளைப் பார்த்து, “நோட்டீஸ்ல எட்டுப் பேரு போட்டிருக்கு, இங்க ஏழுதான் இருக்கு” என்றார்.

மறுநாள், ஜப்பான் கைதியாக நடிக்கும் தம்பியை அழைத்துப்போனேன். “இவன் மேடையில என்ன செய்வான்?” என்று கேட்டார். முக்கால்வாசி நேரம் தலைமேல் கைவைத்து உட்கார்ந்திருப்பான், அப்புறம் ஒரு கட்டத்தில் குடும்பப் படத்தை எடுத்துக் காட்டுவான் என்றேன். உடனே அவனைத் தலைமேல் கைவைக்கச் சொல்லி அக்குள் பக்கம் மறுபடி அளந்தார், இல்லாவிட்டால் சட்டை கிழியுமாம். பிறகு, “படத்த எங்க வைப்பான்?” என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவர் இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்து, மூடியும் போட்டு, அதற்கு ஒரு பொத்தானும் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் காட்சியில் அவனைத் தரையில் தள்ளியபோதும் படம் விழவில்லை.

கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். சட்டையை மடித்துக் கொடுக்கும்போது, “எங்கப்பா படம் எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல தம்பி” என்றார், அவ்வளவுதான். நாடகத்துக்குக் கூப்பிட்டேன். “துணி வருதுல்ல, அது போதும்.”

அந்தக் கைதியை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒத்திகையில் எத்தனை சண்டை போட்டிருப்போம்! சிப்பாய்களில் கார்ப்பரல் ஜான்ஸ்டனுக்கு முதல் நிமிடத்திலிருந்தே அவனைக் கொன்றுவிட வேண்டும். சார்ஜெண்ட் மிச்செமுக்கு அவன் முதலில் தகவல், பிறகு சுமை. மக்லீஷ் கைதியின் உரிமை பேசுகிறவன்தான், ஆனால் அவன் தம்பியும் போர்முனையில் இருக்கிறான், கைதியிடம் பிரிட்டிஷ் சிகரெட்டைப் பார்த்ததும் தங்கள் ஆளிடம் கொள்ளையடித்தது என்று நினைத்து அப்படியே மாறிவிடுகிறான். ஆரம்பத்தில் கத்தியை எடுத்துக் குத்தத் தயாராக நின்ற பாம்ஃபோர்த்தான் கடைசியில் அவனுக்கு முன்னால் குறுக்கே நிற்கிறான். பயந்துபோன விட்டேக்கரின் துப்பாக்கி வெடிப்பது அதற்குப் பிறகு.

நான் எவன்ஸ். நல்ல பையன், கத்தியைக் கொடுத்தும் குத்த முடியாதவன். ஆனால் பாம்ஃபோர்த் ஒவ்வொருவராகப் பார்த்துத் துணைக்கு வரச்சொல்லிக் கேட்கும்போது அவனும் வாய் திறக்க மாட்டான். இத்தனை மாதமும் எவன்ஸுக்குப் பயம் என்று சொல்லித்தான் நடித்தேன். நேற்று அந்த இடத்தில் என் கண் தம்பியின் இடது மார்புப் பக்கம் போனது. தொண்டை அடைத்துக்கொண்டது. என்னால் கைதியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அது நடிப்பு இல்லை.

இனி எந்த ஊரில் போட்டாலும் அந்தச் சட்டையைத்தான் போடுவோம். அதை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன், நானே கையால் துவைத்து வைப்பேன்.

ஐயா, ஜான்ஸ்டன் பிடித்து இழுத்ததில் காலர் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது. பொத்தானைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், வீட்டில் இருங்கள்.