சென்னை–லண்டன் பயண நேரம் தவறாகக் காட்டப்பட்டது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் என் அம்மா சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வருவதற்கு உங்கள் செயலியில் நேரடி விமான டிக்கெட் எடுத்தேன். நீங்கள் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய பயண விவரத்தில், புறப்பாடு காலை 5.30, வருகை காலை 11.40, பயண நேரம் 6 மணி 10 நிமிடம் என்று இருந்தது. உண்மையில் அது 11 மணி 40 நிமிடப் பயணம். குளிர்காலத்தில் லண்டன் நேரம் இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்துப் போட்டிருக்கிறீர்கள்.

அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, சர்க்கரை நோயும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய அந்த விவரத்தை நம்பித்தான் மருந்தைப் பிரித்து வைத்தார். காலை மாத்திரை கைப்பையில். மதிய மாத்திரை, இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று செக்-இன் பெட்டியில். கைக்கடிகாரத்தில் 11.40 ஆனபோது விமானம் பாதி தூரம்தான் வந்திருந்தது. ஏதோ கோளாறு, அதனால்தான் இறக்காமல் இருக்கிறார்கள் என்று பயந்துபோய், பக்கத்து இருக்கைக்காரரிடம் அந்த விவரத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார். மாத்திரை இல்லாமல் சாப்பிடவும் தயங்கி, சோர்ந்துபோய்த்தான் வெளியே வந்தார்.

இதற்கு உங்கள் உதவி மையம் அனுப்பிய பதில், "நேரங்கள் அனைத்தும் உள்ளூர் நேரப்படி காட்டப்படுகின்றன" என்ற ஒரே வரி. புறப்பாடும் வருகையும் உள்ளூர் நேரத்தில் இருப்பது சரிதான். ஆனால் பயண நேரம் என்பது ஒருவர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம். அதற்கு ஏது உள்ளூர் நேரம்? நேர்க்கோட்டிலேயே சென்னைக்கும் லண்டனுக்கும் சுமார் 8,200 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். இன்றைய பயணிகள் விமானங்கள் 900 கிலோமீட்டரை ஒட்டித்தான் பறக்கின்றன.

ஏப்ரலில் அம்மா திரும்பும் டிக்கெட்டிலும் இதே கோளாறு. பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 4.30க்குச் சென்னை, பயண நேரம் 14 மணி 30 நிமிடமாம். மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் திரும்பும் பயணம் வழக்கமாகக் குறைவாகத்தான் இருக்கும். சரியான கணக்கு 10 மணி நேரம். இன்னொன்றையும் கவனியுங்கள்: மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால், ஏப்ரலில் வித்தியாசம் நாலரை மணிதான். எல்லா நாளுக்கும் ஐந்தரை என்று போட்டுத் திருத்தினால் அதுவும் தவறாகிவிடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. திரும்பும் பயணத்துக்குத் திருத்திய விவரத்தை அம்மாவுக்குத் தமிழில் அனுப்புங்கள். செயலியில் கணக்கைச் சரிசெய்யுங்கள். அதைவிட முக்கியமாக, இதே தவறான விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். அவர்களிலும் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் இருப்பார்கள். என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
லண்டன்