மாட்டாத கொக்கி

அன்புள்ள மூர்த்தி,

நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றரை வருடமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. ராஜியிடம் மட்டும் இதைக் காட்டாதே.

அட்லாண்டிக்கைக் கடக்க, கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பி இன்றோடு பதின்மூன்று நாள். முதலில் தெற்கே இறங்கி, ஒரே திசையில் வீசிக்கொண்டே இருக்கும் வடகிழக்கு வியாபாரக் காற்றைப் பிடித்ததும் மேற்கே திரும்பினோம். நாளுக்கு 140 கடல் மைல் போகிறது. பார்படோஸுக்கு இன்னும் 900 சொச்சம்.

நான் தளத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போவதாகத்தானே நினைத்திருப்பாய்? பின்காற்றில் படகு இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கும். பதின்மூன்று நாளாக ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்ற முடியாது. தூக்கத்தில் விழாமலிருக்கப் படுக்கையோரம் துணி கட்டியிருக்கிறது, பச்சைக் குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி. குடிக்க, சமைக்க ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். பாத்திரம் கழுவுவதெல்லாம் கடல் நீரில்தான். விடிந்ததும் முதல் வேலை, கயிறுகள் எங்கே உரசுகின்றன என்று பார்ப்பது. ஒரே இடத்தில் இரவு பகலாக உரசினால் கட்டைவிரல் தடிமன் கயிறும் பஞ்சாகிவிடுகிறது. அடுத்த வேலை முட்டைகளைத் திருப்பி வைப்பது. திருப்பி வைத்தால் கெடாது என்று கேப்டன் சொல்கிறார், நானும் திருப்புகிறேன். இந்த வயதில் கிடைத்த பதவி உயர்வு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருவருக்கு மூன்று மணி நேரக் காவல், அப்புறம் ஆறு மணி நேரம் தூக்கம். நேற்றிரவு 12 முதல் 3 வரை என் முறை. தானியங்கிச் சுக்கான் படகை ஓட்டிக்கொண்டிருந்தது. நிலா இல்லை. ஒரு மணி வாக்கில் பாய்மரத்தடியில் படபடவென்று ஏதோ அடித்தது. கோலா மீன். பறந்து வந்து தளத்தில் விழுந்து, காலையில் நாலைந்து காய்ந்து கிடப்பது இங்கே வழக்கம்தான். இது உயிரோடு துடித்தது. எழுந்து போய், இரண்டு தடவை நழுவவிட்டு, மூன்றாம் தடவை பிடித்துக் கடலில் விட்டேன். கையெல்லாம் செதில். பெரிய புண்ணியம் செய்தவன் மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்தபோது இடுப்பில் கிணுக்கென்று சத்தம். பார்த்தால் என்னைப் படகோடு பிணைக்கிற பாதுகாப்பு வாரின் கொக்கி, எதிலும் மாட்டாமல், சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

இருட்டிய பிறகு உட்காரும் இடத்தை விட்டு எழுந்தால், தளத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும் நாடாவில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். படகில் ஏறிய அன்றே சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நான் போய்விட்டு வந்தேனே, அந்த இருபது அடி தூரமும் என்னைப் படகோடு சேர்த்து எதுவுமே பிடித்திருக்கவில்லை.

அப்போது பயம் வரவில்லை. டீ போட்டேன். பாதி டம்ளர் குடித்த பிறகுதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். நீ கணக்குப் பிள்ளை, சரிபார்த்துக்கொள். படகின் வேகம் 6 நாட், அதாவது விநாடிக்கு 3 மீட்டர். நான் விழுந்து ஒரு நிமிஷத்தில் படகு 185 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். தூங்குகிற இருவருக்கும் ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்கு அடுத்தவர் தானாக எழுந்து வந்து என்னைத் தேடும்போது எனக்கும் படகுக்கும் நடுவே 22 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் அலையில் ஒரு தலை பகலிலேயே தெரியாது.

எரிக் தபார்லி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் போட்டியில் 1964லும் 1976லும் ஜெயித்தவர். 1998 ஜூனில் ஓர் இரவு, தன் சொந்தப் படகிலிருந்து விழுந்தார். இடுப்பில் வார் இல்லை. கூட ஆட்கள் இருந்தும் மீட்க முடியவில்லை. அவருக்கே அந்தக் கதி. நான் பேருந்தில் ஏழு குடை விட்டவன்.

சிரிக்காதே. காலையில் கேப்டன் பாய்மரத்தடியில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “ராத்திரி மீன் விழுந்ததா?” என்று கேட்டார். “கவனிக்கலையே” என்றேன். எதற்காக அந்தப் பொய் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அந்த மனிதர் கீழே கண்ணை மூடுவது என்னை நம்பித்தானே, மூர்த்தி? உன்னிடம் யோசனை கேட்கலாமென்றால், பதில் வருவதற்குள் நான் கரையில் இருப்பேன். அதனால் கேட்கவில்லை.

இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும். மேற்கே 15 பாகை போகும்போதெல்லாம் இது உண்டு. அந்த உபரி ஒரு மணி நேரம் யார் காவலில் விழுவது என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. இந்த முறை சண்டை போடாமல் நானே எடுத்துக்கொள்கிறேன். கேப்டன் படுக்கப் போகிறார். பேசிவிட்டு வருகிறேன்.

பின்குறிப்பு: சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம் தூண்டிலில் கட்டுகிற சின்ன மணி ஒன்றைக் கழற்றி வந்து என் கொக்கியில் கட்டினார். மாட்டாமல் தொங்கினால் ஊரைக் கூட்டும். இரண்டு நாளாக மாடு மாதிரி நடமாடுகிறேன். குடை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, நீயும் என்றைக்காவது சந்தித்தால் சொல்லித் தொலைக்காதே.

உன்,
சேகர்