ததே வேறு, காஞ்சொறி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொழிப் பக்கத்தில், 'ததே கூ முஷி மோ சுகிசுகி' என்ற ஜப்பானியப் பழமொழிக்குக் 'காஞ்சொறி தின்னும் பூச்சிக்கும் அதனதன் ருசி' என்று பொருள் தந்து, 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதற்கு அது நிகர் என ஒரே வரியில் முடித்திருந்தது கண்டு மனம் நொந்தேன்.

காஞ்சொறி பட்டால் தோல் அரிக்கும். ததே என்பதோ நாக்கில் சுள்ளென்று உறைக்கும் நீரோரச் செடி. நான் ஜப்பானில் பணியாற்றிய நான்கு கோடைகளிலும், உப்புத் தடவிச் சுட்ட அயு மீனுக்குத் தொட்டுக்கொள்ள, அதன் இலையை அரைத்துக் காடியில் கலந்து வைப்பார்கள். முதல் முறை ஒதுக்கிவிட்ட நானே, மறு ஆண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்பழமொழியைத் தலைப்பில் ஏந்திய, ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகியின் நாவல் 1955-இல் ஆங்கிலத்தில் வந்தபோது ததே காஞ்சொறியாயிற்று. அந்த ஆங்கிலத்தையே தங்கள் கட்டுரையாளரும் நம்பிவிட்டார் போலும்.

கழுதையை இழுத்தது அதைவிடப் பெரிய பிழை. கற்பூரப் பழமொழி அருமை அறியாதவரை இகழ்வது. ததே பழமொழியோ, பிறருக்கு விளங்காத விருப்பமும் விருப்பமே என்று விட்டுக்கொடுப்பது. என்னுடன் பணியாற்றிய ஒருவர், தம் மகள் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகையில் இதைச் சொல்லிச் சிரித்தார். மகளை அவர் இகழவில்லை. நிகர் வேண்டுமெனில், உலகத்தார் ருசி பலவிதம் என்னும் பொருளில் 'லோகோ பின்ன ருசி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இருக்கிறதே! 'பத்துப் பேர், பத்து நிறம்' என்று பொருள்படும் 'ஜூனின் தோஇரோ'வையும் கட்டுரை தொடவே இல்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் இதே பக்கம், 'ஒருவனுடைய இறைச்சி மற்றவனுக்கு நஞ்சு' என்று ஓர் ஆங்கிலப் பழமொழியைப் பெயர்த்திருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'மீட்' என்றால் உணவு. ஒருவருக்கு உணவாவது இன்னொருவருக்கு நஞ்சு என்னும் இக்கருத்து, இலத்தீன் கவிஞர் லுக்ரீஷியஸிடமே இருப்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். அன்று நான் எழுதிய கடிதத்திற்குப் பதில் இல்லை. பின்னர் அதே வரியை விடைத்தாளில் எழுதிய மாணவி, "பத்திரிகையில் வந்தது தப்பாக இருக்குமா, ஐயா?" என்று கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.